எத்தனை நாளாக இப்படி?

1. ஷார்ஜாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் என் அத்தாவின் இடது கண்ணில், ஓரமாகக் கறுப்புத் துணி தொங்குவதுபோல ஒன்று தெரிந்தது. (எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம்.)

2. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் லீவு, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஆட்களின் பல், மூலம், முதுகுத்தண்டு, சர்க்கரை எல்லாமே லீவு வரும்வரை காத்திருக்கப் பழக்கப்பட்டவை.

3. துணி நடுவை நோக்கி நகர்ந்தது. இரண்டாம் நாள் எனக்குப் போன் செய்தார்.

4. கண் மருத்துவர் சோதித்தார். விழித்திரை பிரிந்துகொண்டிருக்கிறது, நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது, அது பிரிவதற்குள் அறுவை செய்தால் பார்வை பெரும்பாலும் தப்பிவிடும் என்றார். பிரிந்துவிட்டால் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது.

5. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

6. ஆறேழு மாதமாக என்று அத்தா சொன்னார்.

7. அது பொய்.

8. அன்று முழுவதும் பேசப்பட்டவற்றில் காப்பீட்டு நிறுவனம் நம்பியது அந்த ஒன்றை மட்டும்தான்.

இந்த எட்டையும் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் ஆறாவதில் என்னை நிறுத்தி, ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்கிறார்கள். எட்டாவதில் நிறுத்தி எதையும் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை.

அந்த அறையில் நானும் இருந்தேன். மருத்துவர் கோயம்புத்தூர்க்காரப் பெண். தமிழ் பேசும் டாக்டர் கிடைத்துவிட்டார் என்று அத்தாவுக்கு ஒரே சந்தோஷம். அவர் சோதனையை முடித்துவிட்டுக் கணினியின் பக்கம் திரும்பி, தட்டிக்கொண்டே கேட்டார்.

"எத்தன நாளா சார் இப்படி இருக்குது?"

"அது ஆச்சுங்கம்மா. ஆறு மாசம், ஏழு மாசம் இருக்கும். ரொம்ப நாளாவே அவதிப்பட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன்."

"அத்தா, முந்தாநேத்துலேருந்துன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

அவர் மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். "நீ செத்த சும்மா இரும்மா."

மருத்துவரின் விரல்கள் நிற்கவில்லை. அடுத்த நோயாளி வாசலிலேயே நின்றிருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"எதுக்கு அத்தா அப்படிச் சொன்னீங்க?"

"ஒனக்கு என்ன தெரியும்? முந்தாநேத்துன்னா சொட்டு மருந்தக் குடுத்து, ஒரு வாரம் கழிச்சு வாங்கம்பாங்க. ஆறு மாசம்னாத்தான் மனுசன்னு மதிச்சு உள்ள விடுவாங்க."

"அவங்கதான் உடனே ஆபரேசன் பண்ணணும்னு முன்னாடியே சொல்லிட்டாங்களே."

"சொன்னாங்க. அந்த 'உடனே' மாறிடக்கூடாதுல்ல? அதுக்குத்தான் ஒரு தாங்கல்."

அவர் முட்டாள் இல்லை. அவர் படித்த பள்ளிக்கூடம் எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு. அங்கே மருந்து இலவசம், மருத்துவரும் இலவசம், ஆனால் மருத்துவரின் நேரம்தான் கிடைக்காது. வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம்வரை நிற்கும். நேற்றிலிருந்து என்பவருக்கு வெள்ளை மாத்திரை. ஒரு மாதமாக என்பவருக்கு வெள்ளையும் மஞ்சளும். ஆறு மாதமாக என்பவருக்கே ஸ்கேனுக்குச் சீட்டு. எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒருநாள் காய்ச்சல் வந்ததாகச் சரித்திரம் கிடையாது, வந்தாலே ஒரு மாதக் காய்ச்சல்தான். போதுமான மருத்துவர்களுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாத ஓர் அரசாங்கம் தன் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த பேச்சு இது. அத்தா அதைப் பத்திரமாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, நேரெதிராக இயங்கும் ஓரிடத்தில் பேசிவிட்டார்.

இங்கே நேரம் தாராளம். காத்திருக்கும் கூடத்தில் காபி இயந்திரம் உண்டு, நாற்காலிகள் மெத்தென்று இருக்கும். யார் பணம் கட்டுவது என்பது மட்டும் முடிவாக வேண்டும்.

அத்தாவின் கம்பெனி சில மாதங்களுக்கு முன்புதான் காப்பீட்டு நிறுவனத்தை மாற்றியிருந்தது. பழைய நிறுவனத்துக்கு அவர் பல வருடத்து ஆள், புதிய நிறுவனத்துக்கு அன்றைக்குத்தான் பிறந்தவர். பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்றால் முதல் ஆறு மாதத்துக்கு எதுவும் கிடையாது என்பது அவருடைய மலிவு பாலிசியின் விதி. அவர் தன் வாயால் சொன்ன ஆறேழு மாதம் அந்த விதிக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

என்னிடம் இருக்கும் அட்டை வேறு. அதே நாடு, அதே விசா முத்திரை, ஆனால் என் அட்டையை நீட்டினால் திறக்கும் கதவுகள் பல. என் கம்பெனி எனக்குப் பெரிதாகப் போட்டிருப்பதால் என் கண் அவ்வளவு பெறும், அவருடைய கம்பெனி சிறிதாகப் போட்டிருப்பதால் அவர் கண் இவ்வளவு பெறும். இதற்கு 'வகை' என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். துணிக்கடையில் வேட்டிக்கு வைப்பதுபோல.

காப்பீட்டுக் கவுண்டரில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். என் அம்மாவைவிடச் சற்று இளையவர். வேகமாக வேலை செய்தார். எரிச்சலை மறைக்க அவர் மெனக்கெடவில்லை.

"அக்கா, என்ன ஆச்சு?"

"அப்ரூவல் வரேல்லைத் தங்கச்சி. பழைய மெடிக்கல் ரிப்போர்ட்டுகள் எல்லாம் கேக்கினம். கடைசி ஆறு மாசத்தில அப்பா எந்தக் கண் டொக்டரிட்டப் போனவர் எண்டு."

"எங்கயும் போகல. போறதுக்கு ஒண்ணும் இல்லையே. முந்தாநேத்துதான் வந்துச்சு."

"அதை நீங்கள் எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அங்க ஒரு பெட்டி இருக்கு, ரிப்போர்ட் எண்டு. வெறும் பெட்டியா அனுப்பினா சிஸ்டம் விடாது."

மருத்துவரிடம் திரும்பிப் போனேன். எழுதியதை அழிக்க முடியாது, அழித்தால் மோசடி என்று தணிக்கைக்காரர்கள் வருவார்கள் என்றார். ஆனால் நல்ல பெண். பிரிந்த விழித்திரை பழையதாக இருந்தால் அதில் தெரியும் கோடுகள் எதுவும் இவருக்கு இல்லை, இது புதிது, அவசரம் என்று கூடுதலாக எழுதி, கண்ணின் உட்புறப் படத்தையும் சேர்த்து அனுப்பினார். அதற்குப் பதில் வந்தது: நோயாளியின் கூற்றும் மருத்துவரின் குறிப்பும் முரண்படுகின்றன, விளக்கம் தேவை. பல வருடம் படித்து, கண்ணுக்குள் நேராகப் பார்த்து ஒருவர் சொன்னதும், பயத்தில் ஒரு டிரைவர் சொன்னதும் அங்கே ஒரே எடை. இல்லை, ஒரே எடைகூட இல்லை. பணம் கொடுக்காமல் இருக்க உதவும் சொல்லுக்கே எடை அதிகம்.

அவர்கள் அன்று மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் அன்றைக்கே அத்தாவை விமானத்தில் ஏற்றியிருப்பேன். அவர்கள் மறுக்கவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கேள்வியும் இதுதான் கடைசி என்பதுபோல வந்தது. நாங்களும் இதோ வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தோம்.

நான் கட்டுகிறேன் என்று சொல்லாமல் இல்லை. முழுத்தொகையையும் முன்னாலேயே வைக்கச் சொன்னது ஆஸ்பத்திரி. என் கிரெடிட் கார்டு பாதி தூரத்தில் நின்றுவிட்டது. துபாயில், தேரா பக்கம் போன் கடை வைத்திருக்கும் மாமு, அம்மாவின் தம்பி, மீதியைப் புரட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டி வந்தார். வந்தவரை அத்தா தடுத்தார்.

"இன்சூரன்ஸ் இருக்கைல எதுக்கு மச்சான் கைக்காசு? கம்பெனிக்காரன் வருசாவருசம் கட்டுறானே, சும்மாவா கட்டுறான்?"

"அதானே, கொஞ்சம் பொறுத்துத்தான் பாப்பமே" என்று மாமுவும் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இன்சூரன்ஸ்காரன் கேக்குறதுலயும் ஞாயம் இருக்கு. வியாதி வந்தப்புறம் வந்து பாலிசி எடுத்தா அவன் கடைய மூடிட்டுல்ல போகணும்? எரியுற வீட்டுக்கு எவன் இன்சூரன்ஸ் குடுப்பான்?"

"தீயணைப்பு வண்டி எத்தன நாளா எரியுதுன்னு கேட்டுட்டா மாமு தண்ணி அடிக்குது?"

"அது சர்க்கார் வண்டி புள்ள."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மாமு சிரித்தார். "படிக்க வச்சது தப்பாப் போச்சு" என்று அத்தாவிடம் சொன்னார். அத்தா சிரிக்கவில்லை. ஒரு கண்ணை மூடி, எதிர்ச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

"எது வரைக்கும் வந்திருக்கு அத்தா?"

"கடிகாரத்துல பாதி தெரியுது. கீழ இருக்க நம்பரெல்லாம் நல்லாத் தெரியுதும்மா."

என் வேலையைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். நான் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர். அறுவை அரங்குகளில் இருக்கும் கண் சிகிச்சை இயந்திரங்கள் என் பொறுப்பு. அத்தாவுக்குத் தேவையான இயந்திரம் அந்தக் கூடத்திலிருந்து இரண்டு கதவுகளுக்கு அப்பால் உறைபோட்டு நின்றது. அன்று அதற்கு வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அரங்கின் மலையாள நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டார்.

"அய்யோ, சர்வீஸ்காரி! கம்ப்ளெயின்ட் போட்டு அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள வந்தாச்சா? நாளைக்காக டெஸ்ட் பண்ணோம், பெடல் மிதிச்சா எரர் காட்டுது."

அவர் புகார் கொடுத்ததே எனக்குத் தெரியாது. எழுந்து உள்ளே போனேன். அதே இயந்திரம்தான், பெடலின் இணைப்பில் ஈரம் புகுந்திருந்தது. துடைத்து, உலரவைத்து, சோதித்தேன். இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டியது.

அந்தப் பெடல் எத்தனை நாளாக அப்படி என்று நான் கேட்கவில்லை. எந்த இயந்திரத்திடமும் அதைக் கட்டணத்துக்காக நாங்கள் கேட்பதில்லை. ஆஸ்பத்திரி வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ஒரு தொகை கட்டுகிறது. எது பழுதானாலும், எப்போது பழுதானாலும் போய்ச் சரிசெய்வது எங்கள் வேலை. ஒப்பந்தத்துக்கு முன்பே பழுது இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முதல் நாளே நாங்கள் போய்ப் பார்ப்போம், சரிசெய்த பிறகே சேர்ப்போம். சேர்த்த பிறகு பேச்சே கிடையாது. பழுது அதிகமானால் எங்களுக்கு நஷ்டம் என்பதால் பழுதாவதற்கு முன்பே ஓடிப்போய்த் துடைத்துவிட்டு வருவோம். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பொருளாதார மேதையும் தேவைப்படவில்லை. மனிதர்களுக்கு இதைச் செய்வது எப்படி என்று ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். எங்கள் கம்பெனி கண்காட்சி அரங்கு போட்டிருந்ததால் அப்படி ஒரு கருத்தரங்குக்கு நானும் போயிருக்கிறேன். மேடையில் பேசியவர்கள் 'நிலைத்த நிதியாதாரம்', 'பயனாளியின் பொறுப்பு' என்றெல்லாம் பேசினார்கள். மதிய உணவில் பலவகை இனிப்புகள் இருந்தன. நோயாளி என்ற சொல் இனிப்புக்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை.

திரும்பி வந்து கவுண்டரில் நின்றேன். யாழ்ப்பாணத்து அக்கா தலையை ஆட்டினார்.

"இன்னும் இல்லை. ஒண்டு சொல்லட்டே தங்கச்சி? எங்கட நாட்டில காசு முடிஞ்சு மருந்தில்லாமலும் கிடந்தனாங்கள். பஞ்சுகூட வெளியில வாங்கிக் குடுக்க வேணும். எண்டாலும் பெரியாஸ்பத்திரியில ஒருத்தரும் 'இது எப்ப வந்த வருத்தம், முந்தியே வந்ததெண்டா வீட்ட போ' எண்டு சொன்னதில்லை. இஞ்ச எல்லாச் சாமானும் கிடக்கு. கிடந்தென்ன?"

"நீங்க இங்க உக்காந்துக்கிட்டு இதச் சொல்றீங்களே அக்கா."

"ஓம். சம்பளம் இஞ்சதானே தருகினம்."

குடிமக்களுக்கு நாடு எப்படி மருத்துவம் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் எனக்கு ஒரு முன்கேள்வி உண்டு. அத்தா எந்த நாட்டின் கணக்கில் வருகிறார்? இந்த நாடு தன் குடிமக்களை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. அத்தா குடிமகன் இல்லை. இவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டே அவர் தலை நரைத்தது. அவர் குடிமகனாக இருக்கும் நாட்டில், அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று கேட்டு அம்மா போனபோது, அலுவலகத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "துபாய்க்காரர் வீட்டுக்கு எதுக்கும்மா ஏழைங்க கார்டு?" அத்தா அனுப்பும் பணம் நாட்டுக்கு வேண்டும், அனுப்பியவரின் கண் வேண்டாம். இங்கே வெளியூர்க்காரர், அங்கே பணக்காரர். இரண்டு கஜானாவும் அடுத்ததைக் கைகாட்டும்போது நடுவில் ஒரு மலிவு அட்டை நிற்கிறது.

மறுநாள் மதியத் தொழுகை முடிந்து அத்தா வந்து உட்கார்ந்தபோது மறுப்பு வந்தது. ஏற்கெனவே இருந்த நோய், பாலிசியில் அடங்காது. அதன் கீழே, விரைவில் நலம்பெற வாழ்த்துகள் என்று ஒரு வரி. அதையும் அந்த அக்கா வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, "இதுக்கு மட்டும் அப்ரூவல் தேவையில்லை" என்றார்.

இப்போது அறுவை நடக்க வேண்டிய இடம் எது என்பதில் விவாதம் இல்லை. மதுரையில் கண்ணுக்கென்றே ஒரு மருத்துவமனை உண்டு. முடிந்தவர் காசு கட்டும் பக்கம் போவார், முடியாதவர் இலவசப் பக்கம் போவார், அறுவை செய்பவர்கள் அதே ஆட்கள். அன்று மாலை விமானத்தில் இடம் கிடைத்தது. கம்பெனி மேற்பார்வையாளர் பாஸ்போர்ட்டை நீட்டி, "லீவு அடுத்த மாசம்தானே பாய், முன்னாடியே போறதுன்னா சம்பளம் மாஃபி, கெடையாது" என்று ஞாபகப்படுத்தினார். தலையை அதிகம் அசைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அத்தா வழி முழுவதும் கோவில்சிலை போல உட்கார்ந்து வந்தார். நடுவானில் ஒருமுறை மட்டும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"ஒம் மொகம் தெரியலம்மா. பொட்டாட்டம் வெளிச்சம் தெரியுது. அவ்வளவுதான்."

மதுரையில் வரிசை நீளம், ஆனால் நகர்ந்தது. இளவயது மருத்துவர் ஒருவர் சோதித்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார்.

"எத்தன நாளாய்யா இப்படி இருக்கு?"

அத்தா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பாடம் படித்தவர் அல்லவா. "நேத்துத்தான் டாக்டர். நேத்து சாயங்காலத்துலேருந்துதான். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. சத்தியமா ஒண்ணுமே இல்ல."

"நேத்து வந்தது இவ்வளவு தூரம் பிரிஞ்சிருக்காதேய்யா. சரியாச் சொல்லுங்க. அத வச்சுத்தான் எவ்வளவு பார்வை திரும்பும்னு நான் சொல்ல முடியும். நான் என்ன போலீஸா?"

அத்தா என் பக்கம் திரும்பினார். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

"இங்க எதச் சொல்லணும்மா?"

என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. அவர்மேல் இல்லை. தனக்கு எப்போது வலித்தது என்பதைக்கூட எந்த அரசாங்கத்தின் வாசலில் நிற்கிறோம் என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு மனிதரை ஆக்கி வைத்திருக்கிறார்கள். நான் உண்மையைச் சொன்னேன்: எப்போது தொடங்கியது, எப்போது என்னிடம் சொன்னார், எத்தனை நேரம் ஒரு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம், விமானத்தில் என்ன சொன்னார். மருத்துவர் குறித்துக்கொண்டார். நடுப்பகுதி பிரிந்துவிட்டது என்றார். "ஒட்ட வச்சிருவோம். ஆனா ரெண்டு நாள் முன்னாடி..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அறுவை மறுநாளே நடந்தது. காசு கட்டும் பக்கத்தில்தான் சேர்த்தோம், மாமு கைகொடுத்தார். அங்கே கேட்டது ஷார்ஜாவில் கேட்டதில் ஒரு சிறு பங்கு. கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தார்கள். அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, முதல் சில நாட்கள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். அத்தா தலையணையில் முகம் புதைத்தபடியே, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பேசினார். வந்தவர்களும் அவருடைய முதுகிடம் நலம் விசாரித்தார்கள். எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொன்னார்கள்: அங்கே முந்தாநேத்துன்னு சொல்லியிருக்கணும் பாய். ஒருவர் அதைத் தன் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். வளைகுடா போகிறவர்களுக்கு எச்சரிக்கையாம், எந்த நோயானாலும் நேற்று என்றே சொல்லுங்கள். நூற்றுக்கணக்கானோர் கைகூப்பினார்கள். ஒரு நாடு பெரிதாகப் பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கிறது, இன்னொரு நாடு சிறிதாகப் பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கிறது. நம் ஆட்கள் இரண்டையும் கற்றுக்கொண்டு, அதற்குப் பெயர் விவரம் என்கிறார்கள்.

எனக்கு இதில் சிக்கலான கொள்கை எதுவும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே, எல்லோரிடமும் அவரவர் வருமானத்துக்கு ஏற்ப வாங்கி ஒரே பெட்டியில் போட வேண்டும். உழைக்கும் இடத்தில் வாங்கினால் உழைக்கும் இடத்தில் பார்க்க வேண்டும், குடிமகனா என்று பார்க்காமல். நோய் வந்த பிறகு கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் மருத்துவருடையவையாக மட்டும் இருக்க வேண்டும். இதற்குச் செலவாகும் என்று பதில் சொல்கிறார்கள். ஒரு டிரைவரின் கண்ணை விசாரிக்க இரண்டு நாள் எத்தனை பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று நானும் பார்த்தேன். அந்தச் செலவைப் பற்றி யாரும் மேடையில் பேசக் காணோம்.

இன்றைய நிலை இது. விழித்திரை ஒட்டிவிட்டது. இடது கண்ணுக்கு ஆட்களின் உருவம் தெரிகிறது, முகம் தெரியவில்லை, எழுத்து தெரியவில்லை. ஷார்ஜா திரும்பியபின் பேருந்து லைசென்சுக்கான கண் பரிசோதனையில் அத்தா தேறவில்லை. கம்பெனி அவரை வண்டி கழுவும் பிரிவில் வைத்திருக்கிறது, விசா முடியும்வரை. விசா முடிந்ததும் அட்டையும் முடியும். மறுப்பை எதிர்த்து நான் கொடுத்த மேல்முறையீடு பரிசீலனையில் இருக்கிறது.